வெளுக்காத கறுப்புச் சட்டை

அத்தியாயம் 6

"அந்தக் கையை உடைக்காம விட மாட்டேன்!"

வெல்டர் மேஜையில் ஓங்கிக் குத்தினான். பிரித்துப் போட்டிருந்த மின்விசிறியின் திருகாணிகள் துள்ளித் தரையில் சிதறின.

"உடைக்கப் போறதுக்கு முன்னாடி அதையெல்லாம் பொறுக்கிக் கொடுத்துட்டுப் போயிடுங்க," என்றான் கொழுந்தன். "ஒண்ணு குறைஞ்சாலும் எங்க அண்ணி என் கையை உடைச்சிடுவாங்க."

அண்ணி நிமிரவில்லை. எதையாவது பிரித்துப் பார்த்துக்கொண்டே பிறர் பேச்சைக் கேட்பது அவள் வழக்கம். இந்தத் துப்பறியும் நிலையம் அவளுடையது. உதவிக்கு இருப்பவன் கணவனின் தம்பி. அவன் வாய் ஓயாமல் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில், தெருமுனைக் கடைக்காரரிலிருந்து காவல் நிலைய இன்ஸ்பெக்டர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

"நீங்க போன்ல சொன்னதுமே உங்க தங்கச்சியை நான் நேத்தே பார்த்துட்டு வந்துட்டேன்," என்றாள். "இப்ப உட்காருங்க."

வெல்டர் உட்காரவில்லை. அவன் தங்கை பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்பவள். அந்த ஊரில் அவள் முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லோருக்கும் தெரியும். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி என்று கண்ணாடி மாளிகை மாதிரி இருக்கும் பல் கிளினிக்குக்குப் போனாள். அங்கே ஓர் இளம்பெண் டாக்டர் ரூட் கேனல் செய்து பல்லை அடைத்து அனுப்பினாள். சில நாளில் தாடை வீங்கியது. பிறகு கழுத்து. பிறகு மூச்சு விட முடியவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில், தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கத் தொடங்கிவிட்டது. குரல் பழையபடி வருமா என்று கேட்டால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

"எனக்கும் அந்தக் குரல் நல்லாத் தெரியும்," என்றான் கொழுந்தன். "பயணிகளின் கனிவான கவனத்திற்குன்னு அவங்க சொன்னா, பஸ் லேட்டுன்னாக்கூடக் கோபமே வராது."

"இனிமே யாரு சொல்லுவா?" வெல்டரின் கண் சிவந்தது. "அந்தக் கிளினிக்கோட பெரிய டாக்டரே எங்கிட்ட சொல்லிட்டார். அந்தச் சின்ன டாக்டர் அவசரத்துல வேலையைக் கெடுத்துட்டாளாம். வேலையை விட்டு அனுப்பிட்டாராம். இன்னிக்குச் சாயங்காலம் பல் மருத்துவர் மன்றத்துல விசாரணை. அவளே தப்பை ஒத்துக்கப் போறாளாம். ஒத்துக்கிட்டா லேசாத் தண்டிச்சு விட்டுருவாங்க, அது கூடாது. ஆதாரம் வேணும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

அண்ணி திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"நீங்க வெல்டர். துருவைச் சுரண்டி எடுக்காம அதுமேல பத்தவைச்சா என்ன ஆகும்?"

"மேல பார்க்க அழகா இருக்கும். உள்ளே தின்னுக்கிட்டே போகும்."

"பல்லும் அப்படித்தான். வெளியில பார்த்தா கல்லு. உள்ளே ஒவ்வொரு வேருக்குள்ளயும் முடி நுழையற அளவுக்கு ஒரு குழாய் இருக்கு. சொத்தை ஆழமாப் போச்சுன்னா பாக்டீரியா அந்தக் குழாய்ல இறங்கிடும். உள்ளே இருக்கற சதையைத் தின்னுட்டு, வேர் நுனி வழியா எலும்புக்குள்ள எட்டிப் பார்க்கும். அங்கேதான் சீழ் பிடிக்குது. அதுகள்ல பலதுக்குக் காத்தே ஆகாது. காத்தில்லாத இருட்டுக் குழாய்தான் சொர்க்கம்."

"எங்க பெரியப்பா மாதிரி," என்றான் கொழுந்தன். "ஜன்னலைத் திறந்தா அடிக்க வருவார்."

"ரூட் கேனல்னா அந்தக் குழாயைச் சுரண்டி, மருந்துத் தண்ணியால கழுவி, காத்துப் புகாம அடைக்கிறது. கம்பி எட்டாத சந்து பொந்துல இருக்கறதைத் தண்ணிதான் கொல்லணும். அது சரியா நடந்திருந்தா அடைப்பு பாதுகாப்பு. நடக்கலைன்னா, திருடன் வீட்டுக்குள்ள இருக்கும்போதே வெளியில பூட்டுப் போட்ட மாதிரி. அவன் கேட்ட காத்தில்லாத அறையை நாமளே கட்டிக் கொடுத்துடறோம்."

"அப்ப அவதானே பூட்டினா?"

"பூட்டினது அவ. திருடன் ஏன் சாகலைங்கறதுதான் கேள்வி." அண்ணி எழுந்தாள். "வாங்க, அவளையே கேட்போம். நான் சொல்ற வரைக்கும் உங்க கை பாக்கெட்டுக்குள்ள இருக்கணும்."

---

சின்ன டாக்டர் ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தின் உச்சியில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். கதவு திறந்தே இருந்தது. பேச்சு வார்த்தைக்கு இடம் கொடுக்காமல் வெல்டர் உள்ளே பாய்ந்தான்.

"எந்தக் கைடி? எந்தக் கையால பண்ணினே?"

அழுது வீங்கிய முகத்தோடு அவள் எழுந்து நின்றாள். அவன் யார் என்று கேட்கவில்லை. வலது கையை நீட்டினாள்.

"இதுதான். உடைச்சிடுங்க. உங்க தங்கச்சிக்கு ஆனதுக்கு இது போதாது."

வெல்டரின் ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. திட்டினால் திட்டலாம், ஓடினால் துரத்தலாம். நீட்டிய கையை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நல்லது," என்றான் கொழுந்தன். "ரெண்டு பேரும் கை குலுக்கிட்டீங்கன்னு வச்சுக்குவோம். யாராவது உட்காரலாமா? மூணு மாடி ஏறினதுல என் முழங்கால் எனக்கு எதிரா சாட்சி சொல்லுது."

அண்ணி சின்ன டாக்டரின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லும்மா. ஒண்ணு விடாம."

அவள் சொன்னாள். பல்லைத் திறந்தது, குழாய்களைத் தேடியது, சுரண்டியது, கழுவியது, உலர்த்தியது, அடைத்தது. எதையும் தாண்டவில்லை. எங்கோ ஒரு குழாயைத் தவற விட்டிருக்க வேண்டும் என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தாள்.

"கிளினிக் மேல தப்பு சொல்ல முடியாது மேடம். பெரிய டாக்டருக்கே அதே மாசம், அதே மாதிரிக் கடைவாய்ப் பல்லுக்கு நான்தான் ரூட் கேனல் பண்ணினேன். அவருக்கு ஒரு வீக்கம்கூட வரலை. அதே கை, அதே கருவி. அப்ப இவர் தங்கச்சிக்குப் பண்ணின அன்னிக்கு என் கைதானே தப்பு?"

அண்ணி ஜன்னலுக்கு வெளியே கொடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் ஒவ்வொன்றாகத் தடவினாள். இரண்டு கருநீலக் கோட்டுகள். நெஞ்சிலும் கைமுனையிலும் வெளிர்ப் புள்ளிகள் இறைந்து கிடந்தன. பக்கத்தில் கரும்பச்சைக் கோட்டுகள் வரிசையாக.

"இந்த நீலக் கோட்டு ஏது?"

"காலேஜ்ல போட்டது மேடம். வீட்டு வேலைக்கு வச்சிருக்கேன்."

"புள்ளி?"

"பிளீச். குழாயைக் கழுவற தண்ணி அதுதான். துணி வெளுக்கறதும் அதே சரக்குதான், தரமும் அளவும்தான் வேற. பாக்டீரியாவைக் கொல்லும், செத்த சதையையும் கரைச்சிடும். வேற எந்தத் தண்ணியும் இது ரெண்டையும் பண்ணாது." துக்கத்திலும் பாடம் சொல்லும்போது அவள் குரல் நிமிர்ந்தது. "ஊசியில எடுக்கும்போது எப்படியும் ஒரு சொட்டு தெறிக்கும். எங்க வகுப்புல எல்லார் கோட்டும் இப்படித்தான். வாய்க்குள்ள பட்டா வெந்துடும். அதனால பல்லைச் சுத்தி ரப்பர் ஷீட்டை இழுத்து மாட்டாம ஊசியைக் கிட்டவே கொண்டு போகக் கூடாது. அதைத்தான் முதல்ல சொல்லித் தருவாங்க."

"பச்சைக் கோட்டு கிளினிக்ல கொடுத்ததா?"

"ஆமாம்."

"இதுல புள்ளியையே காணோமே?"

சின்ன டாக்டர் கொஞ்சம் கூச்சத்தோடு தலையைக் குனிந்தாள். இத்தனை நாளில் அவளிடம் மிச்சம் இருந்த ஒரே பெருமை அது.

"கை பழகிடுச்சு மேடம். இப்பல்லாம் சிந்தறதே இல்ல."

அண்ணியின் முகம் இறுகியது. கொழுந்தனுக்கு அந்த முகம் தெரியும். அடுப்பில் பால் பொங்குவதற்கு ஒரு நொடி முன்னால் மேலே ஆடை இழுபடுமே, அந்த மாதிரி.

"பச்சையில ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் கைமுனையில புள்ளி இருக்கே. அது எப்ப?"

"பெரிய டாக்டருக்குப் பண்ணின அன்னிக்கு. முதலாளி வாய்க்குள்ள கை விடறோமேன்னு பயத்துல சிந்திடுச்சு. திட்டுவார்னு நினைச்சேன், சிரிச்சுட்டார். பழைய ஸ்டாக் ஒரு பாட்டில் இருக்கு, நல்லதையெல்லாம் நோயாளிங்களுக்கு வச்சுட்டு எனக்கு இதைப் போட்டுத் தீர்த்துடுன்னு அவரே எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு நல்ல மனுஷர் மேடம்."

"ரொம்ப நல்ல மனுஷர்," என்றாள் அண்ணி. பிறகு திரும்பினாள். "தம்பி, உங்கிட்ட இருக்கறதுலயே நல்ல கறுப்புச் சட்டையைப் போட்டுக்கிட்டு வா."

"யார் வீட்டு விசேஷம் அண்ணி?"

"உன் வலது கடைவாய்ப் பல்லுக்கு. நீ இடது பக்கமே மென்னுக்கிட்டிருக்கறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

கொழுந்தன் வெளிறிப் போனான். "அண்ணி, கொலைகாரனைப் பிடிக்கச் சொல்லுங்க, பிடிக்கிறேன். பாம்புப் புத்துல கை விடச் சொல்லுங்க, விடறேன். பல் டாக்டர்கிட்ட மட்டும்..."

"உங்க அண்ணனுக்குப் போன் போடட்டுமா?"

"சட்டையை இஸ்திரி போட்டுட்டு வந்துடறேன்."

---

கிளினிக்குக்குள் பூ வாசனை மணந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி. வெயில் தாராளமாக உள்ளே வந்து விழுந்தது. காத்திருப்போர் கூடத்தில் மெத்தை நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பல் ஆஸ்பத்திரி என்று சொன்னால் நம்ப முடியாது. அத்தர்க் கடை என்று சொன்னால் நம்பலாம்.

வெல்டரையும் சின்ன டாக்டரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு அண்ணி கொழுந்தனை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். பெரிய டாக்டர் பளிச்சென்ற பல்வரிசையோடு எதிர்கொண்டார்.

"இன்னிக்கு எங்க சின்ன டாக்டர் இல்ல. நானே பார்க்கறேன். உட்காருங்க தம்பி, பயப்படாதீங்க."

"பயமில்ல டாக்டர். கால் நடுங்கறது ஏசியால."

சிகிச்சை அறையின் ஜன்னலோரம் கண்ணாடித் தட்டு. அதில் பட்டை தீட்டிய கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. மதிய வெயில் அவற்றுக்குள் புகுந்து எதிர்ச் சுவரில் வானவில் போட்டது. அண்ணி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"பாட்டில் ரொம்ப அழகு டாக்டர்."

"நானே தேடிப் பிடிச்சு வாங்கினது," என்று அவர் மகிழ்ந்தார். கொழுந்தனின் வாயைத் திறந்து விளக்கைத் திருப்பினார். "அடடே, பெரிய ஓட்டை. ரூட் கேனல்தான். முதல்ல உள்ளே இருக்கற அழுக்கைக் கொஞ்சம் கழுவிடலாம்."

ஊசி போன்ற பீச்சுக்குழலை ஜன்னலோரப் பாட்டிலில் விட்டு உறிஞ்சினார். பல் ஓட்டைக்குள் நேராகப் பீய்ச்சினார். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணி, "சட்டை கசங்குதே தம்பி," என்று அவன் மார்பில் விரித்திருந்த காகிதத் துணியை உருவினாள். மோவாயிலிருந்து சொட்டிய தண்ணீர் கறுப்புச் சட்டையின் இடது பக்கத்தை நனைத்தது.

"அண்ணி, கடல்ல முங்கி எழுந்த மாதிரி உப்புக் கரிக்குது," என்றான் கொழுந்தன்.

"இது என்ன தண்ணி டாக்டர்?"

"பிளீச். உலகம் முழுக்க இதுதான். ஆனா எங்களோடது நெடி இல்லாத புது ரகம். மத்த இடத்துக்குப் போனா கழிப்பறை கழுவின மாதிரி நாறும். இங்க தோட்டத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கு இல்லையா?"

அண்ணி சட்டையைப் பார்த்தாள். ஈரம் காயத் தொடங்கியது. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ஒரு நூல்கூட நிறம் மாறவில்லை. அவள் கதவைத் திறந்து வெளியில் இருந்த இருவரையும் உள்ளே கூப்பிட்டாள்.

பெரிய டாக்டரின் பல்வரிசை மறைந்தது. "இவங்க ஏன் இங்க...?"

"ஒரு சின்ன விளக்கம், டாக்டர். இவங்களுக்கும் சேர்த்துச் சொல்லிடறேன்." அண்ணியின் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "கடையில பிளீச்சைக் கண்ணாடி மாதிரித் தெரியற பாட்டில்ல யாராவது பார்த்திருக்கீங்களா? கிடையாது. ஒளி புகாத பாட்டில்ல வரும், இல்லைன்னா பழுப்புப் பாட்டில்ல வரும். ஏன்னா பிளீச்சுக்கு எமன் வெயில். வெளிச்சமும் சூடும் பட்டுக்கிட்டே இருந்தா அது உடைஞ்சு, கொல்ற சக்தி எல்லாம் போய், கடைசியில உப்புத் தண்ணிதான் மிஞ்சும். நெடியும் இருக்காது. இந்த ஜன்னல்ல நிக்கறது செத்துப்போன பிளீச். அதால கழுவினா பாக்டீரியா குளிச்சுட்டு உட்கார்ந்திருக்கும்."

சின்ன டாக்டர் ஜன்னலோரப் பாட்டில்களைப் பார்த்தாள். "அப்ப என் கோட்டுல புள்ளி விழாதது..."

"உன் கை பழகினதால இல்லம்மா. தண்ணி செத்ததால."

வெல்டர் பெரிய டாக்டரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான். ஆனால் பெரிய டாக்டர் அதற்குள் நெற்றியில் அறைந்துகொண்டார்.

"அட கடவுளே! நெடி இல்லாத ரகம்னு சொல்லி வித்தவன் என்னை ஏமாத்திட்டானே! பாட்டில் அழகா இருக்கேன்னு வாங்கி வச்சது உண்மை. அது வெயில்ல கெடும்னு நான் எங்கே யோசிச்சேன்? வருஷக்கணக்கா நிர்வாகத்தைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்." விரல் சின்ன டாக்டரை நோக்கி நீண்டது. "தினமும் இதைக் கையில எடுத்தவ இவ. நெடி இருக்கா, வேகம் இருக்கான்னு சோதிக்க வேண்டியவ இவ. ஒரு துணியில ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருக்கக் கூடாதா?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. சின்ன டாக்டர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாம். நெடி இல்லாத ரகம்னு நீங்க சொன்னதை அப்படியே நம்பிட்டேன். நான்தான் பார்த்திருக்கணும். சாயங்காலம் அதையும் சேர்த்து ஒத்துக்கறேன்."

வெல்டர் குழம்பிப் போய் மறுபடி அவள் பக்கம் திரும்பினான். கோபம் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் தாவித் தாவி இளைத்துப் போயிருந்தது. அண்ணி மட்டும் பெரிய டாக்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி, வாயைத் திற."

"மறுபடியுமா?"

"திற. நல்லா எல்லாரும் பாருங்க. நாக்கு வெந்திருக்கா? கன்னம் வெந்திருக்கா? எங்கேயாவது ரப்பர் ஷீட் தெரியுதா?"

சின்ன டாக்டர் தலையைத் தூக்கினாள். முதலில் புரிந்தது அவளுக்குத்தான்.

"ஷீட் மாட்டாமலா பீய்ச்சினீங்க?" என்றாள் மெல்ல. "பிளீச்சை? வாய்க்குள்ளேயா?"

"அதேதான்," என்றாள் அண்ணி. "இது பிளீச்னு நம்பற எந்த டாக்டரும் ஷீட் இல்லாம ஒரு சொட்டு விட மாட்டார். இந்தப் பொண்ணு நம்பினா. அதனால செத்த தண்ணிக்குக்கூட ஒவ்வொரு தடவையும் ஷீட் மாட்டினா. நீங்க செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி என் கொழுந்தன் வாயில ஊத்தினீங்க. ஏன்னா இது வெறும் தண்ணின்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியும்."

பெரிய டாக்டர் பீச்சுக்குழலைக் கீழே வைத்தார்.

"இன்னொண்ணும் எனக்குத் தெரியும்," அண்ணி விடவில்லை. "இந்தக் கிளினிக்குக்குள்ள உயிருள்ள பிளீச் ஒரே ஒரு நாள் வந்துச்சு. நீங்க அந்த நாற்காலியில சாய்ஞ்ச அன்னிக்கு. பழைய ஸ்டாக்குன்னு சொல்லி நீங்களே எடுத்துக் கொடுத்தீங்க. அது இவளோட பச்சைக் கோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுச்சு. அந்தப் பாட்டில் இருட்டுல, குளிர்ச்சியா, உங்க அறையிலதான் இருக்கணும்."

வெல்டர் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. பக்கத்து அறையில் ஒரு குளிர்பெட்டி திறக்கும் சத்தம், ஏதோ உருளும் சத்தம். கறுப்புக் காகிதம் சுற்றிய பழுப்புப் பாட்டிலோடு திரும்பி வந்தான். மூடியைத் திறந்ததும் பூ வாசனையைக் கிழித்துக்கொண்டு நெடி மூக்கில் அறைந்தது.

அண்ணி ஒரு சொட்டைக் கொழுந்தனின் சட்டையில், உப்புத் தண்ணீர் காய்ந்த இடத்துக்குப் பக்கத்தில் விட்டாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கறுப்பு மெல்லப் பழுப்பாயிற்று, பழுப்பு செம்மண்ணாயிற்று, அப்புறம் ஒரு நாணயம் அளவுக்கு வெளிறிப் போயிற்று.

"என் நல்ல சட்டை!" என்றான் கொழுந்தன். "இவர் பண்ணின கொடுமைக்கு என் சட்டையா அண்ணி சாட்சி?"

பெரிய டாக்டரின் முகத்தில் இப்போது நடிப்பு இல்லை. எரிச்சல் மட்டுமே இருந்தது.

"என்ன பெரிய குத்தம்? நாறுதுன்னு ஒவ்வொருத்தரா வேற கிளினிக்குக்குப் போயிட்டிருந்தாங்க. கம்பியால சுரண்டினாலே பாதி பாக்டீரியா போயிடும். மிச்சத்தை உடம்பு பார்த்துக்கும். வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க நல்லாத்தானே இருக்காங்க?"

"அந்த மிச்சம்தான் இவரோட தங்கச்சி," என்றாள் அண்ணி.

வெல்டரின் கை எழுந்தது. இந்தத் தடவை அது அந்தரத்தில் நிற்கப் போவதில்லை என்று தெரிந்தது. அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம். நீங்க இவர் பல்லை உடைச்சா, இவர் போய் அழகா வைத்தியம் பார்த்துக்குவார். பழுப்புப் பாட்டிலோட. உங்க தங்கச்சிக்குக் கிடைக்காத வைத்தியம் அது. இவருக்கு இன்னொரு தடவை அது கிடைக்கணுமா?"

வெல்டரின் கை இறங்கியது.

சின்ன டாக்டர் பழுப்புப் பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டாள். இத்தனை நேரம் அழுத முகம் அது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"கை பழகிடுச்சுன்னு எங்கம்மாகிட்டப் பெருமையாச் சொன்னேன்," என்றாள் பெரிய டாக்டரிடம். "நீங்க பக்கத்துல நின்னு தலையை ஆட்டினீங்க. எனக்குத் தெரியும்னு சொல்ற மாதிரி சிரிச்சீங்க."

"இதோ பாரும்மா, சாயங்காலம் விசாரணையில எப்படிப் பேசணும்னு நிதானமா யோசி. நான் மனசு வச்சா உனக்கு எங்கேயும் வேலை..."

"சோதிக்காதது என் தப்பு. அதைச் சொல்லத்தான் போறேன். சொல்லிட்டு நிறுத்த மாட்டேன்." அவள் கொழுந்தனைப் பார்த்தாள். "சார், அந்தச் சட்டை எனக்கு வேணும்."

கொழுந்தன் பெருமூச்சோடு பொத்தான்களைக் கழற்றினான். "எடுத்துக்கோங்க. கறுப்பா இருக்கறது அவர் ஊருக்கு விட்ட தண்ணி, வெளுத்திருக்கறது அவர் தனக்கு வச்சுக்கிட்ட மருந்து. படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும். ஆனா டாக்டரம்மா, என் பல்லை நீங்கதான் பார்க்கணும். அந்தப் பாட்டிலை எங்க அண்ணி கையில பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க."

"முதல்ல நீங்க இல்ல. இங்க நான் அடைச்ச ஒவ்வொரு பல்லையும் திறந்து பார்க்கணும். வலி இல்லைன்னு சொல்றவங்களையும். அது வேருக்குள்ள சத்தமில்லாம உட்கார்ந்திருக்கும். வெளியில இருக்கறவங்கள்ல பாதிப்பேர் நான் அடைச்சு, மறுபரிசோதனைக்கு வந்தவங்க. இவரைக் கேட்டா வீட்டுக்கு அனுப்பிடுவார்."

அவள் முடிக்கும் முன்பே பெரிய டாக்டர் கூடத்துக்குப் போகும் கதவை நோக்கி நகர்ந்தார். வெல்டர் குறுக்கே வந்து நின்றான். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் தன் மனைவியைக் கூப்பிட்டான்.

"போனைத் தங்கச்சி காதுல வை," என்றான். "பாப்பா, நீ பேச வேணாம். கேட்டுக்கிட்டு மட்டும் இரு. காதுல விழுந்தா ஒரு தட்டு தட்டு."

போனுக்குள் நகத்தால் எதையோ தட்டும் சத்தம் வந்தது.

வெல்டர் கதவைத் திறந்து கூடத்தின் நடுவில் போய் நின்றான். மெத்தை நாற்காலிகளிலிருந்து ஏழெட்டு முகங்கள் நிமிர்ந்தன. பனியனோடு நின்ற கொழுந்தனையும், பழுப்புப் பாட்டிலோடு நின்ற பெண்ணையும் பார்த்து அவை திகைத்தன. வெல்டர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டான். பட்டறையில் கத்திக் கத்திக் கரடுமுரடாகிப்போன குரல் அவனுடையது. அந்தக் குரலில், இந்த ஊர் தினமும் கேட்டுப் பழகிய வாசகத்தைச் சொன்னான். கனிவான என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டான்.

"பயணிகளின் கவனத்திற்கு. இங்க பல்லு அடைச்சுக்கிட்டவங்க யாரும் கிளம்ப வேண்டாம். உங்க வேருக்குள்ள என்ன இருக்குன்னு இந்த டாக்டரம்மா சொல்லுவாங்க. எதுக்காக அப்படி ஆச்சுன்னு, இதோ உள்ளே நிக்கறாரே, இவர் சொல்லுவார். சொல்ற வரைக்கும் இந்த வாசல்ல நான் நிக்கறேன்."

யாரும் எழுந்து போகவில்லை. போனுக்குள் தட்டும் சத்தம் மறுபடி கேட்டது. இம்முறை அது நிற்கவில்லை.